படித்தவர் சாட்சியம்



பள்ளிகளில் வரலாற்று ஆசிரியனாகவும், பின்னர் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி 2018-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றவன் நான். தலைமையாசிரியனாகப் பொறுப்பேற்ற முதல் ஆண்டில், பள்ளி நூலகப் பதிவேட்டில் புதிதாக ஒரு கட்டம் கோடிட்டேன். நூலின் பெயர், பெற்ற நாள், திருப்பிய நாள் ஆகியவற்றை அடுத்து, 'நூலைப் பற்றிய கருத்து' என்பது அதன் தலைப்பு. கதைகளை விடுத்து, விஞ்ஞானம், பயணம், வாழ்க்கை வரலாறு, பொருளாதாரம் முதலிய துறை நூல்களுக்கு மட்டுமே அந்த ஏற்பாடு. மாணவர்களின் உள்ளத்தை அதன் வழியே காணலாம் என்பது என் எண்ணம். ஆண்டிறுதியில் ஆவலோடு பதிவேட்டைப் புரட்டினேன். 'மிகவும் பயனுள்ள நூல்', 'அனைவரும் படிக்க வேண்டிய நூல்' என்னும் இரண்டு வாக்கியங்களே பக்கந்தோறும் மாறி மாறி நின்றன. தேனீ வளர்ப்புக்கும் அதே புகழ்; பிரெஞ்சுப் புரட்சிக்கும் அதே புகழ். ஓர் அன்பர் தமிழ் அகராதியை எடுத்துச் சென்று, 'விறுவிறுப்பான நடை' என்று எழுதியிருந்தார்!

அந்த மாணவர்களை நான் குறை கூற மாட்டேன். கருத்து எழுதச் சொன்னால் புகழ்ந்து எழுத வேண்டும் என்று அவர்களுக்குக் கற்பித்தவர்கள் நாங்களே. ஆனால் அன்று முதல் ஒரு கேள்வி என்னை விட்டு அகலவில்லை. ஒரு நூலை ஒருவர் உளமாரப் புகழும்போது, அப்புகழ்ச்சி உண்மையென்று வரலாறு எப்படி அறிகிறது? நூலை எழுதியவர் யார், எந்த ஆண்டில் வெளிவந்தது என்பனவற்றை நாம் மனப்பாடம் செய்கிறோம். அந்த நூலைப் படித்தவர் யார், படித்து மூடியபின் அவர் என்ன செய்தார் என்று கேட்பதில்லை. அதைக் கேட்கப் புகுந்தால் வரலாற்றில் புதிய வாயில்கள் திறக்கின்றன. அவற்றுள் சிலவற்றை இன்று உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன்.

அதற்குமுன் அதே ஆண்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பதிவேட்டில் ஒன்றும் எழுதாத ஒரு சிறுவன் ஒன்பதாம் வகுப்பில் இருந்தான். அவன் தன் கருத்தை நூலின் ஓரத்திலேயே எழுதிவிட்டான். பறவைகளைப் பற்றிய நூல் அது. தூக்கணாங்குருவிகளில் ஆணும் பெண்ணும் கூடிக் கூடு கட்டுகின்றன என்றிருந்த வரியின் அருகில், அது சரியன்று, ஆண்தான் கட்டுகிறது, பெண் வந்து பார்வையிடுகிறது, ஏரிக்கரைப் பனையில் பன்னிரண்டு நாள் பார்த்தேன் என்னும் பொருள்பட அவன் பென்சிலால் குறித்திருந்தான். அரசாங்கச் சொத்தைப் பாழாக்கியதற்காகப் பத்து ரூபாய் அபராதம் விதித்து, எழுதியதை என் முன்னிலையிலேயே ரப்பரால் அழிக்கச் செய்தேன். அவன் எழுதியது சரியா தவறா என்று அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை. இதற்குப் பின்னர் வருவேன்.

இனி, இலண்டன் நகருக்குச் செல்வோம். ஆண்டு 1805. பதினான்கு வயதுள்ள ஓர் ஏழைக் கொல்லர் மகன், ரீபோ என்பவரின் கடையில் புத்தகம் பைண்டு செய்யும் தொழிலைக் கற்கச் சேர்ந்தான். ஏழாண்டு ஒப்பந்தம். அவன்தான் மைக்கேல் பாரடே. பைண்டு செய்ய வந்த நூல்களைத் தைப்பதோடு நில்லாமல் படிக்கவும் செய்தான். பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரை இவ்வாறுதான் அவன் கண்ணில் பட்டது. 'இரசாயன உரையாடல்கள்' என்னும் நூலும் அப்படியே அவன் கைக்கு வந்தது.

அந்த நூலைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். ஜேன் மார்செட் என்னும் அம்மையார் எழுதியது; 1806-இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. ஆசிரியை ஒருத்தியும் அவளிடம் பயிலும் இரண்டு பெண்களும் உரையாடும் முறையில் இரசாயனத்தை விளக்குகிறது. ஒருத்தி பொறுமைசாலி, மற்றவளோ வெடிக்கும் பொருளைக் கண்டால்தான் மகிழ்வாள். வகுப்பில் நின்று பழகிய எவருக்கும் இவ்விருவரையும் உடனே அடையாளம் தெரியும். இந்த அம்மையார், ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் நிலையத்தில் ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய விரிவுரைகளைக் கேட்டு, தமக்கு விளங்கியதைத் தம்மைப் போன்ற பெண்களுக்கும் விளங்க வைக்க வேண்டும் என்று எழுதினார்.

பாரடே இந்நூலைப் படித்தான். ஐம்பது ஆண்டுகள் சென்றன. பாரடே உலகப் புகழ் பெற்றுவிட்டார். 1858-இல் மார்செட் அம்மையார் காலமானபோது, ஜெனிவாவில் இருந்த தம் நண்பர் ஒருவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் அந்த அம்மையாரைத் தம் முதல் ஆசிரியையாகப் போற்றுகிறார். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தாம் ஆழ்ந்த சிந்தனையாளராக அப்போது இருக்கவில்லை, எதையும் எளிதில் நம்பிவிடும் இயல்பினராகவே இருந்தார் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆயினும் ஓர் உண்மையைப் பற்றிக்கொள்ளவும், கூற்று ஒன்றைச் சோதித்துப் பார்க்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது. கையிலிருந்த சில்லறைக்கு இயன்ற சிறு சோதனைகளால் அந்நூலைப் பரிசோதித்தார். அது உண்மையோடு ஒத்திருக்கக் கண்டார். அதன்பின் அதை நம்பினார். புகழ்ச்சி என்றால் இதுவன்றோ புகழ்ச்சி!

ஆனால், வரலாறு பயில்வோர் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். அறுபத்தேழு வயது முதியவர் தம் இளமையை நினைத்து எழுதிய கடிதம் அது. முதுமையில் நினைவு பழையவற்றுக்கு மெருகேற்றும். என் வயதினருக்கு இது நன்றாகத் தெரியும். அப்படியானால் அக்காலத்திலேயே எழுந்த சான்று ஏதேனும் உண்டா? உண்டு. 1812-ஆம் ஆண்டு ஜூலையில், பயிற்சிக் காலம் முடியும் தறுவாயில், பெஞ்சமின் அபட் என்னும் நண்பனுக்குப் பாரடே எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. துத்தநாகத் தகட்டை அரைப் பென்னி நாணய அளவில் ஏழு வட்டங்களாக வெட்டி, ஏழு செப்பு அரைப் பென்னிகளோடு இணைத்து, இடையிடையே உப்பு நீரில் நனைத்த காகிதத்தை வைத்து, ஒரு மின்கலத்தைத் தானே அமைத்ததையும், அதைக் கொண்டு ஒரு மக்னீசிய உப்பைச் சிதைத்ததையும் அதில் துள்ளிக் குதிக்காத குறையாக எழுதுகிறான். தொழில் பயிலும் இளைஞன் ஒருவன் கையிலிருந்த காசையே கருவியாக்கிய செய்தி அது. முதியவரின் நினைவு பொய்யன்று என்பதற்கு அந்த ஏழு அரைப் பென்னிகளே சாட்சி.

மற்றவை நீங்கள் அறிந்தவையே. கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் டேவியின் விரிவுரைகளுக்கு நுழைவுச் சீட்டுத் தந்தார். பாரடே குறிப்பெடுத்து, அழகாக எழுதி, தன் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினான். 1813-இல் அவருடைய உதவியாளனானான். 1831-இல் காந்தத்தின் அசைவால் மின்சாரத்தைத் தோற்றுவித்துக் காட்டினார். டேவியின் சொல்லைக் கேட்டு ஒரு பெண்மணி நூல் எழுத, அந்நூலைப் படித்த சிறுவன் டேவியின் கதவையே சென்று தட்டினான்.

விஞ்ஞானத்தில் சோதித்துப் பார்க்கலாம். பொருளாதாரமும் அறமும் பேசும் நூலை எங்ஙனம் சோதிப்பது என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு விடை தென்னாப்பிரிக்காவில் ஒரு ரயில் வண்டியில் கிடைக்கிறது. 1904-ஆம் ஆண்டு காந்தியடிகள் ஜோகானஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் புறப்பட்டார். வழியனுப்ப வந்த போலக் என்னும் நண்பர், வழியில் படிக்க ரஸ்கினின் ஒரு நூலைக் கொடுத்தார். தமிழில் 'கடையனுக்கும் கதிமோட்சம்' என்று வழங்குவது அதுவே. இருபத்து நான்கு மணி நேரப் பயணம். எடுத்த நூலைக் கீழே வைக்க முடியவில்லை. டர்பன் சேர்ந்தபின் அன்றிரவு உறக்கமும் இல்லை. இதைச் சுயசரிதையில் அவரே கூறுகிறார். எல்லோருடைய நன்மையிலேயே தனி மனிதனின் நன்மை அடங்கியுள்ளது. வழக்கறிஞரின் வேலைக்கும் முடி திருத்துவோரின் வேலைக்கும் மதிப்பு ஒன்றே. உழைப்பு வாழ்க்கையே வாழத்தக்கது ஆகிய மூன்றையும் அந்நூலிலிருந்து தாம் உணர்ந்ததாக எழுதுகிறார். அவற்றுள் முதலாவது முன்பே தெரியும், இரண்டாவது மங்கலாகத் தெரியும், மூன்றாவது தோன்றியதே இல்லை என்று பிரித்துச் சொல்லும் நேர்மையைப் பாருங்கள். நம் பதிவேட்டில் இப்படி ஒரு கருத்து வந்திருந்தால் நான் அதைக் கண்ணாடியிட்டு மாட்டியிருப்பேன்.

இந்த நூலுக்குத் தொடக்கத்தில் கிடைத்த வரவேற்பு என்ன தெரியுமா? 1860-இல் 'கார்ன்ஹில்' என்னும் மாத இதழில் கட்டுரைகளாக வெளிவந்தபோது வாசகர்கள் கொதித்தெழுந்தனர். நான்கு கட்டுரைகளோடு நிறுத்திவிடும்படி ஆசிரியர் தாக்கரே கூற நேர்ந்தது. 1862-இல் நூல் வடிவம் பெற்றபோதும் விற்பனை மந்தமே. அன்றைய வாசகர்களின் பெரும்பான்மைக் கருத்தைக் கொண்டு மதிப்பிட்டிருந்தால் அந்நூல் அங்கேயே முடிந்திருக்கும்.

இங்கேயும் அதே எச்சரிக்கை வேண்டும். காந்தியடிகள் சுயசரிதையை எழுதத் தொடங்கியது 1925-இல். அதாவது இருபது ஆண்டுகளுக்குப் பின்னர். ஒரே இரவில் ஒரு மனிதர் மாறிவிட முடியுமா என்று ஆராய்ச்சியாளர் ஐயுறலாம். ஐயுறட்டும்; அது அவர்கள் தொழில். ஆனால் 1904-ஆம் ஆண்டு முடிவதற்குள் டர்பனுக்குப் பதினான்கு மைல் தொலைவில், பீனிக்ஸ் என்னுமிடத்தில் நூறு ஏக்கர் நிலம் வாங்கப்பட்டு, 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையின் அச்சகம் அங்கே பெயர்ந்துவிட்டது. அச்சுக் கோப்பவரும் ஆசிரியரும் ஒரே ஊதியம் பெறும் ஏற்பாடு அங்கே வந்தது. 1908-இல் அந்நூலின் சாரத்தைச் 'சர்வோதயம்' என்னும் பெயரால் குஜராத்தியில் எழுதினார். நிலமும் அச்சு இயந்திரமும் நினைவின் மெருகால் உண்டானவை அல்ல.

ஆர்வத்தால் ஏமாற்றமும் வருவதுண்டு, அதையும் மறைக்கலாகாது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் டார்வின் மாணவராக இருந்தபோது, அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட் எழுதிய தென்னமெரிக்கப் பயண நூலில் மயங்கிக் கிடந்தார். டெனரிப் தீவைப் பற்றிய பகுதிகளைக் கையால் நகல் எடுத்து, பேராசிரியர் ஹென்ஸ்லோவும் நண்பர்களும் உலாவச் செல்லும்போது அவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். அவர்கள் எவ்வளவு பொறுமைசாலிகளாக இருந்திருக்க வேண்டும்! அத்தீவுக்குப் போகவே வேண்டும் என்று ஸ்பானிய மொழியும் கற்கத் தொடங்கினார். 'பீகிள்' கப்பலில் இடம் கிடைத்தது. 1832 ஜனவரியில் டெனரிப் தீவும் கண்ணெதிரே வந்தது. ஆனால் இங்கிலாந்தில் காலரா பரவியிருந்ததால், பன்னிரண்டு நாள் காத்திருந்தாலன்றிக் கரையிறங்கக் கூடாது என்று தீவின் அதிகாரிகள் தடுத்துவிட்டனர். கப்பல் தலைவர் காத்திராமல் பாய் விரித்தார். கனவு கண்ட சிகரத்தைக் கடலிலிருந்தே பார்த்துவிட்டு டார்வின் சென்றார்.

ஆர்வம் அவருடைய நடையையும் பற்றிக்கொண்டது. பயணத்திலிருந்து அவர் அனுப்பிய நாட்குறிப்பைப் படித்த தமக்கை கரோலின், ஹம்போல்டைப் படித்துப் படித்து அவருடைய அலங்காரச் சொற்களையே நீயும் எழுதுகிறாய், உன் இயல்பான நடைதான் நன்றாயிருக்கும் என்ற கருத்தில் 1833-இல் தம்பிக்கு எழுதினார். தமக்கையர் எந்நாட்டிலும் தமக்கையரே. 1839-இல் டார்வினின் பயண நூல் வெளியானதும், எழுபது வயதான ஹம்போல்ட் அதைப் படித்து மகிழ்ந்து நீண்ட பாராட்டுக் கடிதம் எழுதினார். முன்பு நூலாசிரியராக இருந்தவர் இப்போது வாசகர் ஆனார்.

இதுவரை கூறியவை நல்ல நூல்கள். பிழை மலிந்த நூல் ஒன்றிலும் ஒருவருக்கு ஆர்வம் பொங்கினால் என்ன ஆகும்? இதுவே எனக்கு மிகவும் பிடித்த வரலாறு. 1844-இல் இங்கிலாந்தில் ஆசிரியர் பெயரில்லாமல் ஒரு நூல் வெளிவந்தது. படைப்பின் இயற்கை வரலாற்றுச் சுவடுகள் என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். விண்மீன்கள் தொடங்கி மனிதன் வரை யாவும் ஒன்றிலிருந்து ஒன்றாகப் படிப்படியாகத் தோன்றின என்பது அதன் வாதம். நாடே அதைப் பற்றிப் பேசியது. எடின்பரோ நகரின் பதிப்பாளர் இராபர்ட் சேம்பர்ஸ்தான் அதை எழுதியவர் என்பது 1884-இல்தான் வெளிப்படையாகத் தெரிவிக்கப்பட்டது.

நூலில் பிழைகள் ஏராளம். ஓட்ஸ் பயிர் ரை என்னும் வேறு தானியப் பயிராக மாறும் என்றும், மின்சாரச் சோதனையில் பூச்சிகள் தோன்றின என்றும் அது நம்பியது. புவியியல் பேராசிரியர் செட்ஜ்விக் எண்பது பக்கங்களுக்கு மேல் கண்டனம் எழுதினார். எழுதியவர் ஒரு பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்றும் ஐயுற்றார். ஆராயாமல் முடிவுக்குத் தாவுவது பெண்களின் இயல்பாம்! அவர் மார்செட் அம்மையாரின் நூலை நினைத்துப் பார்த்திருக்கலாம். டார்வினும் அந்நூலின் விஞ்ஞானத்தை மட்டமாகவே மதித்தார்.

அப்போது ஆல்பிரட் வாலஸ் என்னும் இருபத்திரண்டு வயது இளைஞர் வேல்ஸ் நாட்டில் நிலம் அளக்கும் வேலையில் இருந்தார். பதினான்கு வயதிலேயே பள்ளியை விட்டவர். அந்நூல் அவரை ஆட்கொண்டது. பேட்ஸ் என்னும் தம் நண்பருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்று அறிந்து, 1845 டிசம்பரில் அவருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கருத்தை அவசரத்தில் பிறந்த பொதுமுடிவு என்று தாம் எண்ணவில்லை, சில வலிய சான்றுகள் துணை நிற்கும் ஊகம் என்றே கொள்வதாகவும், அதை மெய்ப்பிக்க இன்னும் பல உண்மைகள் சேர்க்கப்பட வேண்டும் என்றும், இயற்கையை ஆராய்வோர் ஒவ்வொருவருக்கும் அது வேலை கொடுக்கிறது என்றும் அதில் கருத்துரைத்தார். மாணவர்களே, இது முதுமையில் தோன்றிய நினைவன்று. படித்த சூட்டிலேயே எழுதிய கடிதம். பேராசிரியர் பிழைகளைக் கண்டார், அவை பிழைகள்தாம். நில அளவையாளரோ அந்நூல் எழுப்பிய கேள்வியைக் கண்டார். 1848-இல் அவ்விரு நண்பர்களும் உயிரினங்களைச் சேகரிக்க அமேசான் ஆற்றுக்குக் கப்பலேறினர். நான்கு ஆண்டுகளுக்குப் பின் வாலஸ் திரும்பும் வழியில் கப்பல் தீப்பற்றி, அவரிடமிருந்த சேகரிப்புகள் கடலோடு போயின. அவர் ஓயவில்லை. 1854-இல் மலாய்த் தீவுகளுக்குச் சென்றார். 1858-இல் அங்கே காய்ச்சலில் படுத்திருந்தபோது, முன்னர் லெஸ்டர் நகரில் ஆசிரியராக இருந்த நாளில் படித்த மால்தஸின் மக்கட்பெருக்க நூல் நினைவுக்கு வந்தது. பிழைப்புக்கான போராட்டத்தில் தகுதி பெற்றவையே எஞ்சுகின்றன என்னும் கருத்து உதித்தது. டார்வினும் 1838-இல் அதே மால்தஸைப் படித்து அதே முடிவுக்கு வந்திருந்தார். 1858 ஜூலை முதல் நாள் இலண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவருடைய எழுத்துக்களும் சேர்த்துப் படிக்கப்பெற்றன.

நம் கும்பகோணத்தில் வாழ்ந்த ஒரு வாசகரை மட்டும் சொல்லி இப்பகுதியை முடிக்கிறேன். 1903-இல் பள்ளி மாணவரான இராமானுஜன் இரவல் வாங்கிய நூல், கார் என்பவர் தேர்வு மாணவர்களுக்காகத் தொகுத்த கணிதச் சுருக்கம். ஐயாயிரத்தை ஒட்டிய முடிவுகள் வரிசையாக நிற்கும். நிறுவல்கள் மிகக் குறைவு, அல்லது இல்லை. பலருக்கு வறட்சியாகத் தோன்றும் அந்நூலின் ஒவ்வொரு முடிவையும் தாமே நிறுவ முற்பட்டார். கல்லூரியில் மற்றப் பாடங்களில் தவறி உதவித்தொகையை இழந்ததும் இக்கணித மயக்கத்தாலேயே. பின்னர்ப் பல ஆண்டுகள் நிரப்பிய குறிப்பேடுகளில் அந்த நூலின் சாயலிலேயே முடிவுகளை மட்டும் எழுதி வைத்தார். அவற்றை நிறுவும் வேலை கணித அறிஞர்களுக்குப் பல பத்தாண்டுகள் நீடித்தது.

என் பதிவேட்டுக்குத் திரும்புகிறேன். சில ஆண்டுகளுக்குப் பின், பறவை அறிஞர் சாலிம் அலியின் சுயசரிதையைப் படித்தேன். 1985-இல் வெளிவந்த நூல் அது. 1930-இல் பம்பாயை அடுத்த கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் தூக்கணாங்குருவிகளை அவர் நாள்தோறும் காத்திருந்து கவனித்த வரலாறு அதில் உண்டு. ஆண் குருவியே கூட்டைப் பின்னத் தொடங்குகிறது. பாதி முடிந்த கூடுகளைப் பெண் குருவி வந்து சுற்றிப் பார்க்கிறது. பிடித்தால் ஏற்றுக்கொள்கிறது, அதன் பின்னரே ஆண் அதைக் கட்டி முடிக்கிறது. என் பள்ளிச் சிறுவன் ஏரிக்கரைப் பனையில் கண்டது முற்றிலும் சரி. நான் படித்து முடித்தபோது அவன் பள்ளியை விட்டுப் போய் மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஓய்வு பெறுவதற்கு முந்திய மாதத்தில் நூலக இருப்பைச் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டியிருந்தது. அந்தப் பறவை நூலைத் தேடி எடுத்தேன். ஓரம் வெண்மையாகத்தான் இருந்தது. தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தபோது, பென்சில் அழுந்திய தடம் தெரிந்தது. 'பன்னிரண்டு நாள்' என்னும் இரண்டு சொற்களை மட்டும் படிக்க முடிந்தது. அவற்றின்மீது என் பேனாவால் மையிட்டு எழுதி, நாளும் குறித்து, நூலை அலமாரியில் வைத்தேன். அபராதப் பத்து ரூபாய் இன்னும் என் கணக்கில்தான் நிற்கிறது.